‘உறுதி செய்யப்படும்’ என்றால் யார் செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையில், நெல் வெட்டு மெசினுக்கு நாள் பதிவு செய்வதற்கு வன்னியில் போன் செயலி கொண்டுவந்து அது குழம்பிப்போன கதை வந்திருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். சிக்னல் இல்லை, கமக்காரருக்குப் போன் பாவிக்கத் தெரியாது, அதனால்தான் சரிவரவில்லை என்று முடித்திருந்தீர்கள். சிக்னல் குறைவுதான், மறுக்கவில்லை, எங்கள் வளவில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் போய் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஆனால் தெரியாது என்ற பேச்சு எனக்குச் சுட்டது. 2022 ஆடியில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது இதே கமக்காரர்தான் போனைத் தூக்கிக் காட்டி டீசல் அடித்தார்கள். அன்றைக்குத் தெரிந்தது இன்றைக்கு எப்படித் தெரியாமல் போகும்?

நான் பரந்தன் பக்கத்து ஆள். கொழும்பில் ஒன்பது வருஷம் மென்பொருள் கம்பனிகளில் மாரடித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் வயல். அந்தச் செயலியில் பதிந்தவர்களில் அப்பாவும் ஒருவர், பதிந்து கொடுத்தது நான். மெசின் வைத்திருக்கும் சங்கத்தின் பெயரையோ செயலி செய்து கொடுத்த கம்பனியின் பெயரையோ எழுதப்போவதில்லை. அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை, அதோடு இதே பிழை எந்தக் கந்தோரிலும் நடக்கக்கூடிய பிழை.

நடந்தது இதுதான். மாசி மாதம். காலபோகத்துக்கு மழை எல்லாருக்கும் ஒன்றாக வருகிறது, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கிழமையில் விதைக்கிறார்கள், அதனால் வயலெல்லாம் ஒன்றாகப் பழுத்து நிற்கும், அருவி வெட்டுக்கு மெசின் பிடிக்க ஆளுக்கு ஆள் இழுபறி. சங்கத்திடம் ஒரே ஒரு மெசின். ஒரு நாளைக்கு மூன்று பேரின் வயல் வெட்டலாம் என்று கணக்கு. அப்பாவுக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது, உறுதி என்று குறுஞ்செய்தியும் வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு மெசின் மதகடிக்கு வந்து நின்றது. அதே நேரத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரரும் வந்து நின்றார். அவர் கையிலும் போன், அதிலும் அதே நாள், அதே ‘உறுதி’. மெசின் ஓட்டுகிற பொடியன் இறங்கி, தன்னுடைய போனை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு, “ஐயா, எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டுதான். இதில இண்டைக்கு நாலு பேர் கிடக்கு. மூண்டு வெட்டத்தான் வெளிச்சம் காணும். ரெண்டு வெட்டியாச்சு. ஆரெண்டு நீங்களே கதைச்சு முடியுங்கோ” என்றான்.

அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கதைத்து முடிக்கவில்லை. கத்தி முடித்தார்கள். கடைசியில் மெசின் அந்தப் பக்கம் போனது, அன்றிரவு மழை பெய்தது, எங்கள் நெல் சாய்ந்தது. நாலு நாள் கழித்து ஈர வயலில் இறக்கிய மெசின் புதைந்து, அதை இழுக்க உழவு மெசின் பிடித்து, அந்தச் செலவையெல்லாம் இங்கே எழுதி என்ன.

எனக்குக் காசை விட அந்த நாலு என்ற எண்தான் மண்டைக்குள் நின்றது. மூன்றுக்கு மேல் போகாது என்று செயலியில் ஒரு தடை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், நிரம்பிய நாளைத் தொட்டால் சிவப்பாகும். அப்படியென்றால் நாலாவது ஆள் எந்த வாசலால் உள்ளே வந்தார்?

சங்கத்துக்குப் போனேன். முகாமையாளர் நல்ல மனுஷன், தேத்தண்ணி தந்தார், செயலி செய்தவர்கள் தொடக்கத்தில் கொடுத்த வடிவமைப்புக் கடதாசிகளையும் எடுத்துத் தந்தார். பதினொரு பக்கம். சங்கம் கேட்டபடியால் தமிழிலேயே எழுதியிருந்தார்கள், அதற்கு ஒரு சபாஷ். எல்லாமே யூஸ் கேஸ்கள்.

யூஸ் கேஸ் என்பது பெரிய வித்தையில்லை. இந்த மென்பொருளை யார் என்ன தேவைக்குப் பாவிக்கப் போகிறார், அவர் என்ன செய்வார், அது என்ன பதில் கொடுக்கும், இடையில் ஏதாவது பிசகினால் என்ன நடக்கும் என்று அடி அடியாகக் கதைபோல எழுதுவது. சுவீடனில் எரிக்சன் கம்பனியில் தொலைபேசி எக்ஸ்சேஞ் மென்பொருளோடு மல்லுக்கட்டிய ஈவார் ஜேக்கப்சன் என்பவர் 1980களில் உருவாக்கிய பழக்கம் இது, 1987 இல் வெளியே எடுத்துச் சொன்னார், இன்றைக்கு உலகம் முழுக்க மென்பொருள் வேலை தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஒவ்வொரு கதைக்கும் தலையில் ‘முன் நிபந்தனை’ என்று ஒரு வரி இருக்கும், அது நிறைவேறினால்தான் கதை தொடங்கும். முடிவில் ‘பின் நிபந்தனை’, அதாவது கதை முடிந்தபின் எது உண்மையாக இருக்க வேண்டும் என்பது. நல்ல பழக்கம்தான். கணக்குத் தெரியாத ஆளும் வாசிக்கலாம், அதுதான் அதன் பலம். பிரச்சினையும் அதேதான், கதைபோல இருப்பதால் கதை வாசிப்பதுபோலவே வாசித்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறோம்.

மூன்றாம் பக்கத்தில் ‘முற்பணம் கட்டுதல்’ என்று ஒரு கதை. முன் நிபந்தனை: பதிவு உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். ஏழாம் பக்கத்தில் ‘பதிவை உறுதி செய்தல்’ என்று இன்னொரு கதை. முன் நிபந்தனை: முற்பணம் பெறப்பட்டிருக்க வேண்டும்.

திரும்ப ஒருமுறை வாசியுங்கள். உறுதியானால்தான் காசு கட்டலாம். காசு கட்டினால்தான் உறுதியாகும். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் நியாயம், கமக்காரர் உறுதியில்லாத நாளுக்குக் காசு கட்டமாட்டார், சங்கம் காசு வராமல் நாளைக் கட்டிவைக்காது. சேர்த்து வைத்தால் ஒருவரும் ஒரு அடி நகர முடியாது. நடுவில் மூன்று பக்கம் இருந்தபடியால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் பக்கத்தைக் கமக்காரரிடம் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், ஏழாம் பக்கத்தைக் கந்தோரில் கேட்டு இன்னொருவர் எழுதியிருக்கிறார்.

சரி, அப்படியென்றால் அப்பாவுக்கு எப்படி உறுதி வந்தது? கவுண்டரில் இருக்கும் தங்கச்சியைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, “அது அண்ணா, நாங்கள் முதல்ல பூச்சியம் ரூபாவுக்கு ஒரு பற்றுச்சீட்டுப் போடுவம். அப்ப உறுதி பட்டன் திறக்கும். பிறகு உண்மைக் காசுக்கு ரெண்டாவது போடுவம்” என்றாள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். கெட்டிக்காரி. ஒரு சீசன் முழுக்க அந்தச் செயலி ஓடியது அவள் தயவில்.

ஆனால் பதினொன்றாம் பக்கத்தில் ‘பதிவை ரத்துச் செய்தல்’ இருக்கிறது. அதில் ஒரு வரி: ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் பணம் மீளளிக்கப்பட்டு, ஓர் இடம் விடுவிக்கப்படும். எழுதியவர் மனதில் ஒரு பதிவுக்கு ஒரு பற்றுச்சீட்டுத்தான். நடப்பில் எல்லாருக்கும் இரண்டு. ஆகவே அந்த வியாழக்கிழமையில் இருந்த மூன்று பேரில் ஒருவர், யாரோ, மகளின் சாமத்தியவீடு என்று ரத்துச் செய்ய, ஒரு இடத்துக்குப் பதிலாக இரண்டு இடம் வெறுமையானது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு கூட்டல் இரண்டு நாலு. நாலாவது ஆள் வந்த வாசல் அதுதான்.

இதைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பின்னேரம் போனது, அதுவும் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு. நடக்க முதல் பிடிக்க வழியில்லையா என்றால், இருக்கிறது, பல காலமாக இருக்கிறது, இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அதற்காகத்தான். ஃபோர்மல் மெதட்ஸ் என்பார்கள். சொல்லப்போனால் கணக்கு. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லால் இல்லாமல் கணம் (தொகுதி), தொடர்பு, தருக்கம் என்று உயர்தர (ஏஎல்) கணிதத்தில் பார்த்த சாமான்களால் எழுதி, இந்த விதி எப்போதாவது உடையுமா என்று கொம்பியூட்டரையே தேடவிடுவது. முன் நிபந்தனை, பின் நிபந்தனை என்ற சோடியை நிரல்களைப் பற்றிக் கணக்காக நிறுவுவதற்கு வைத்துக் காட்டியவர் டோனி ஹோர், 1969 இல். அதாவது அந்தப் பதினொரு பக்கத்திலும் கணக்குக்கு வேண்டிய பாதி ஏற்கெனவே இருந்தது. வரியாக எழுதிவைத்துவிட்டு ஒருவரும் கணக்காகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பாவித்தது அலோய் என்ற கருவி. அமெரிக்காவில் எம்ஐடியில் டானியல் ஜாக்சனும் அவருடைய ஆட்களும் உருவாக்கியது, இலவசம், என்னுடைய பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது. சங்கத்தின் கதைகளை அதில் எழுத அறுபது வரி வந்தது. ஒரு மெசின், ஒரு நாள், ஐந்து கமக்காரர். முதலில் ஒரு கேள்விதான் கேட்டேன்: எந்த ஒழுங்கில் செய்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு பதிவாவது ‘உறுதி’ என்ற நிலைக்கு வருகிற ஒரு கதையைக் காட்டு. ஒரு மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. அப்படி ஒன்றுமே இல்லை. சும்மா ஒரு வரி. அந்த ஒரு வரியைச் செயலி செய்ய முதல் யாராவது பார்த்திருந்தால் பூச்சியம் ரூபாப் பற்றுச்சீட்டே பிறந்திருக்காது.

பிறகு அந்தத் தங்கச்சியின் குறுக்குவழியையும் ஒரு அடியாக எழுதிச் சேர்த்தேன். மேலே ஒரு விதி: ஒரு நாளில் உறுதியானவர்கள் எந்த நேரத்திலும் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இப்படி எந்த நேரத்திலும் மாறாமல் நிற்க வேண்டிய விதிதான் இந்த வேலையின் முதுகெலும்பு, மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். இது உடையுமா என்று கேட்டேன். உடையும் என்று படம் கீறிக் காட்டியது, முதல் பெட்டியில் மூன்று பேர், அடுத்ததில் ஒருவர் விலகுகிறார், அடுத்ததில் இரண்டு இடம் வெறுமை, அதற்கடுத்ததில் நாலாமவர் வந்துவிட்டார். வியாழக்கிழமை மதகடியில் நான் பார்த்த காட்சி, கத்தல் மட்டும் இல்லை.

பரீட்சித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பரீட்சித்திருக்கிறார்கள். சங்க மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள், நானும் போயிருந்தேன், வடையும் தந்தார்கள். ஒருவர் பதிந்தார், கட்டினார், உறுதியானது, எல்லாரும் கைதட்டினோம். எந்தப் பட்டன் எப்போது திறக்கும் என்று காட்டியவருக்குத் தெரியும், அதனால் பூட்டு ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. நாலு கமக்காரர், ஒவ்வொருவரும் மூன்று அடி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கேட்பது, கட்டுவது, விலகுவது. ஒருவருடைய அடிகள் தங்களுக்குள் ஒழுங்கு மாறாது, ஆனால் யாருடைய அடி யாருடையதற்கு முந்தும் என்பது யார் கையிலும் இல்லை. அந்தப் பன்னிரண்டு அடிகளும் எத்தனை விதமாகக் கலக்கலாம் தெரியுமா? 369,600. மண்டபத்தில் நாங்கள் கைதட்டியது அதில் ஒன்றுக்குக்கூட இல்லை, ஒரே ஆளின் அடிகளுக்கு மட்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. கணக்காக எழுதத் தொடங்கினால் தமிழில் எழுதியது திடீரென்று சந்தேகமாகத் தெரிய ஆரம்பிக்கும். இரண்டாம் பக்கத்தில் ‘எல்லா விவசாயிகளுக்கும் ஒரு மெசின் ஒதுக்கப்படும்’ என்று இருந்தது. எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா, ஆளுக்கொன்றா? சங்கத்திடம் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தபடியால் நமக்குக் குழப்பமில்லை, நாளைக்கு இரண்டாவது மெசின் வாங்கினால் அதே வரி வேறு அர்த்தமாகிவிடும். அலோயில் எழுதும்போது ‘ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று’ என்பதா ‘ஏதோ ஒன்று, அதுவே எல்லாருக்கும்’ என்பதா என்று தெரிவு செய்யாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. அது உங்களைக் கழுத்தில் பிடித்துக் கேட்கும்.

அந்த ‘படும்’ இருக்கிறதே, அதுதான் பெரிய கள்ளன். உறுதி செய்யப்படும். விடுவிக்கப்படும். அறிவிக்கப்படும். தமிழில் கந்தோர்க் கடிதம் எழுதிப் பழகிய எல்லாருக்கும் அது கைக்கு வந்த வியாதி, செய்கிற ஆளை வசனத்துக்குள் ஒளித்துவிடலாம். பதினொரு பக்கத்திலும் எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திமூன்று ‘படும்’. அதில் பதினேழு இடத்தில் செய்வது யார் என்று முகாமையாளருக்கே தெரியாது. மழை பெய்தால் அந்த நாள் பதிவுகள் ‘ஒத்திவைக்கப்படும்’ என்று ஒன்று. மெசின் ஓட்டுகிறவரா, முகாமையாளரா, செயலி தானாகவா? மூன்று பேரும் மற்றவர் செய்வார் என்று நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் முன்பு வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பில், இருந்த ஒரு ஐயா இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. நான் முற்றத்தில் இருந்து இதையெல்லாம் கிறுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் சுருட்டோடு வந்து குந்தினார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “தம்பி, விவசாயி, விவசாயி எண்டு கிடக்கு. பெமிற் ஆற்ர பேரில கிடக்கோ அவரோ, வயல் செய்யிறவரோ?” என்றார். பெமிற் என்றால் அரசாங்கம் காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம். நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்: “பெமிற் பேரில உள்ள மனுசன் செத்துப்போனார், மகன் வெளிநாட்டில, காணியைக் குத்தகைக்கு எடுத்தவன் முற்பணம் கட்டினான், மழை வந்து நாள் மாறிச்சு, அவன் வேண்டாம் எண்டிட்டான். காசு ஆரின்ர பேருக்குத் திரும்பிப் போகும்?”

வன்னியில் இது அபூர்வமான சங்கதியா? பெமிற்றில் இருக்கிற பெயருக்கும் வரம்பில் நிற்கிற ஆளுக்கும் இடையில் ஒரு யுத்தம், ஒரு இடப்பெயர்வு, ஒரு கப்பல், மரணச் சான்றிதழ்கூட இல்லாத ஒரு பெயர், எத்தனையோ கிடக்கிறது. இதை எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடிக்காது, ஐயாதான் கண்டுபிடித்தார். ஆனால் அவர் கேட்ட உடனே ‘உரித்தாளர்’, ‘செய்கையாளர்’ என்று இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒரு காணிக்கு உரித்தாளர் ஒருவர், செய்கையாளர் ஒருவர் அல்லது ஒருவருமில்லை, இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம் என்று மூன்று வரி எழுதினேன். எழுதி ஓடவிட்டபோது காசு தவறான ஆளுக்குப் போகிற இன்னும் இரண்டு வழி வந்தது. அடையாள அட்டையிலும் அதே கதை. 2016 இல் பன்னிரண்டு இலக்கம் வந்தபின், பழைய ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்துமாக ஒரு தரம், புதிய எண்ணில் இன்னொரு தரம் என்று ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதியலாம். ஒரு ஆளுக்கு ஒரு பதிவு என்ற விதி அங்கேயே போச்சு.

இதெல்லாம் ரொக்கட்டுக்கும் விமானத்துக்கும் சரி, ஒரு சங்கத்து மெசினுக்கு என்னத்துக்கு என்று முகாமையாளரும் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய இடத்து ஆட்கள் செய்வது உண்மைதான். பாரிஸில் சாரதி இல்லாமல் ஓடும் மெட்ரோவின் 14 ஆம் பாதை 1998 இல் திறந்தபோது, அதன் பாதுகாப்பு மென்பொருளை பி மெதட் என்ற முறையில் கணக்காக நிறுவித்தான் ஓடவிட்டார்கள். அமேசன் கம்பனியின் கிளவுட் பிரிவு 2011 இலிருந்து லெஸ்லி லம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற மொழியைப் பாவிக்கிறது, அங்கே கண்டுபிடித்த ஒரு பிழை வெளியே தெரிய ஆகக் குறைந்தது 35 அடி ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நடக்க வேண்டுமாம், எந்தப் பரீட்சிப்பில் அது அகப்படும்?

ஆனால் நான் முகாமையாளருக்குச் சொன்ன உதாரணம் வேறு. 1978 இல் நீடம், ஷ்ரோடர் என்ற இரண்டு பேர், வலையமைப்பில் இரண்டு ஆட்கள் ஒருவரையொருவர் நீதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு முறை எழுதினார்கள். அதன் சாரம் மூன்றே மூன்று செய்தி. உலகத்தில் உள்ள கெட்டிக்காரர் எல்லாம் பார்த்தார்கள். 17 வருஷம் கழித்து, 1995 இல் கவின் லோ என்பவர் நடுவில் ஒரு கள்ளன் புகுந்து ஒருவர்போல மற்றவரிடம் நடிக்கலாம் என்று காட்டினார், பிறகு அதே பிழையை ஒரு சரிபார்க்கும் கருவியாலும் பிடித்துக் காட்டித் திருத்தினார். மூன்று செய்தி, இரண்டு ஆள். நம்முடைய பதினொரு பக்கம் அதைவிடப் பெரிது. பிழை ஒளிய இடம் அதிகம் தேவையில்லை. டானியல் ஜாக்சனும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்வார்: பெரும்பாலான பிழைகள் சின்ன உதாரணத்திலேயே தலைகாட்டிவிடும், அதனால் ஐயாயிரம் கமக்காரரை வைத்துத் தேடத் தேவையில்லை, ஐந்து பேரை வைத்து ஒன்றும் விடாமல் தேடு என்று. அது நிறுவப்பட்ட தேற்றம் இல்லை, அனுபவத்தில் வந்த நம்பிக்கை. எனக்கு ஐந்து பேர் போதுமாயிருந்தது.

பெருமையாகவே எழுதிக்கொண்டு போகிறேன், மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு செயலியைச் செய்யாது. வடிவம் சரியென்று நிறுவியபின்னும் நிரல் எழுதுகிற பொடியன் பிழைவிடலாம். அதைவிடப் பெரிய விஷயம், விதியே அநியாயமாக இருந்தால் அந்த அநியாயம் ஒரு பிசகும் இல்லாமல் நடக்கும் என்றுதான் கருவி உறுதி தரும். முதலில் பதிபவருக்கு முதல் நாள் என்ற விதியை நான் எப்படிச் சோதித்தாலும் பச்சைதான், ஆனால் சிக்னல் வேப்பமரத்தடியில் மட்டும் வருகிற எங்களுக்கும், ஏ9 வீதிக் கரையில் இருக்கிறவர்களுக்கும் அது ஒரே விதியா? இங்கேதான் உங்கள் கட்டுரையோடு எனக்குக் கொஞ்சம் உடன்பாடு வருகிறது. அதை நாலு பேர் கூடி இருந்து கதைத்துத்தான் தீர்க்க வேண்டும். அதோடு எல்லாவற்றையும் கணக்காக எழுத வெளிக்கிட்டால் அடுத்த காலபோகமும் போய்விடும். காசு, இடம், ஆள், இந்த மூன்றும் தொடுகிற கதைகளை மட்டும் எழுதினால் காணும், அறிமுகப் பக்கத்தின் நிறத்தை யார் நிறுவ வேண்டும்?

ஆள் எங்கே என்றும் கேட்பீர்கள். ஆள் இங்கேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இறுதி வருஷப் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடித் திரிகிறார்கள், முகம் பார்த்து வரவு பதிவது, வாடகைக்கு வீடு தேடுவது என்று ஒரே மாதிரி, நான் இரண்டு மூன்றைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு சங்கத்தின் பதினொரு பக்கத்தைக் கொடுத்து, இது எங்கே உடையும் என்று கண்டுபிடி தங்கச்சி என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் செய்வார்கள். எனக்கு இரண்டு பின்னேரம் போன வேலை அவர்களுக்கு ஒரு கிழமை.

முகாமையாளருக்கு நான் திருத்திக் கொடுத்தது பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் செய்கிறவர் பெயர் முன்னுக்கு, ‘படும்’ ஒன்றும் இல்லை. கமக்காரர் நாள் கேட்பார். செயலி அந்த நாளை 48 மணித்தியாலம் அவருக்காகப் பிடித்து வைத்திருக்கும். கமக்காரர் அதற்குள் முற்பணம் கட்டுவார். கட்டியதும் செயலி உறுதி செய்யும், கட்டாவிட்டால் செயலியே அந்த இடத்தை விடும், ஒரு தரம் மட்டும். இப்படிப் போகிறது. அலோயில் ஐந்து பேரை வைத்து ஓடவிட்டேன், எந்த ஒழுங்கிலும் நாலாவது ஆள் வரவில்லை, எவரும் பூட்டுப்பட்டு நிற்கவும் இல்லை. மழை நாளில் ஒத்திவைப்பது யார் என்ற வரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன், அதைச் சங்கத்துக் கூட்டம்தான் நிரப்ப வேண்டும், எனக்கு அந்த உரிமை இல்லை.

கேள்விப்பத்திர அறிவித்தல், காணி அறிவித்தல் எல்லாம் நீங்கள் பக்கம் பக்கமாக அச்சிடுகிறீர்கள். சங்கம் சம்மதித்தால் அடுத்த மாதம் இந்தப் பன்னிரண்டு வரியையும் உங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு மூலையில் போட முடியுமா? சின்ன எழுத்தில் வேண்டாம், ஐயா கண்ணாடி இல்லாமல் வாசிக்கப் பார்ப்பார். பெமிற் காணியைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி இருக்கிறதாம், அச்சில் கண்ட பிறகுதான் சொல்வாராம்.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து ஒரு வாசகன்